ரெண்டு நிமிஷ சீன், எட்டு மணி நேர வெயில்: ஒளிப்பதிவாளர் என்னதான் பண்றார்?

ஒரு சீன்ல ரெண்டு பேர் ஜன்னல் ஓரமா உக்காந்து பேசுறாங்கன்னு வைங்க. காலை வெயில் ஒருத்தர் கன்னத்துல சாய்வா விழுது, இன்னொருத்தர் பாதி நிழல்ல இருக்காங்க, பேசி முடிச்சதும் எந்திரிச்சு போயிடுறாங்க. திரையில ரெண்டு நிமிஷம்தான். ஆனா அதை எடுக்க காலைல ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சா சாயங்காலம் அஞ்சு ஆகுறது ரொம்ப சாதாரணம். சூரியன் வானத்துல மணிக்கு 15 டிகிரி நகருது, எட்டு மணி நேரத்துல 120 டிகிரி, அதாவது காலைல கன்னத்துல விழுந்த வெயில் மதியத்துக்கு மேல அந்த ஜன்னல் பக்கமே எட்டிப் பாக்காது, நடுவுல மேகம் வேற வந்து போகும், சாயங்காலம் ஆனா வெளிச்சத்தோட நிறமே மாறிடும். தியேட்டர்ல உக்காந்திருக்குற நமக்கு இதுல ஒண்ணு கூட தெரியாது. அந்த ரெண்டு நிமிஷமும் ஒரே காலை, ஒரே வெயில்.

அப்படி நம்ப வைக்கிறவர்தான் ஒளிப்பதிவாளர். அழகா படம் புடிக்கிறது, நல்ல ஃப்ரேம் வைக்கிறது எல்லாம் அவர் வேலைதான், ஆனா அதுக்கெல்லாம் அடியில இருக்குற வேலை இது: துண்டு துண்டா, வேற வேற நேரத்துல எடுத்தத ஒரே நேரமா காட்டுறது. புதுசா இந்த விஷயத்துக்குள்ள வர்றவங்க இதை முதல்ல புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும்னு நான் உறுதியா நம்புறேன். கேமரா மாடல், லென்ஸ் பேரு எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

இன்னொண்ணு, ஒளிப்பதிவாளர்னா எப்பவும் கேமராவ தோள்ல வச்சுக்கிட்டு நிக்கிறவர்னு நினைச்சுக்காதீங்க. பெரிய படங்கள்ல கேமராவ இயக்க ஆபரேட்டர்னு தனி ஆள் இருப்பாங்க, ஒளிப்பதிவாளர் மானிட்டர் முன்னாடி இருந்துக்கிட்டு லைட்ட மாத்த சொல்வார், லென்ஸ மாத்த சொல்வார், டைரக்டர்கிட்ட பேசுவார். ரோஜர் டீக்கின்ஸ் மாதிரி சிலர் கேமராவ தானே இயக்கத்தான் விரும்புவாங்க. ரெண்டு விதமும் உண்டு, ரெண்டும் சரிதான்.

சரி, ரெண்டு நிமிஷத்துக்கு ஏன் எட்டு மணி நேரம்? ஏன்னா அந்த சீன ஒரு தடவை எடுக்கிறதில்ல. முதல்ல ரெண்டு பேரும் தெரியிற மாதிரி வைட்ல ஒரு மாஸ்டர் ஷாட். அப்புறம் ஒருத்தர் தோளுக்கு மேல இருந்து இன்னொருத்தர், அப்புறம் அவங்க க்ளோஸப், கை மேல ஒரு ஷாட்டு, இதெல்லாம் முடிஞ்சப்புறம் கேமராவ அப்படியே திருப்பி எதிர்ல இருக்குறவருக்கு இதே எல்லாம் திரும்பவும். கேமராவ திருப்புறதுன்னா கேமராவ மட்டும் திருப்புறது இல்ல, அதுவரைக்கும் கேமராவுக்கு பின்னாடி ஒளிச்சு வச்சிருந்த லைட்டு, ஸ்டாண்டு, வயரு, கருப்புத் துணி, ஆளுங்க எல்லாத்தையும் அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் தூக்கணும். அதனால ஒரு பக்கம் பாத்து எடுக்க வேண்டியத எல்லாம் மொத்தமா முடிச்சுட்டுதான் மறுபக்கம் போவாங்க. திரையில ஒருத்தர் கேள்வி கேட்டு அடுத்த நொடியே பதில் வருதே, அந்தக் கேள்வி காலை பதினோரு மணிக்கு எடுத்ததா இருக்கும், பதில் மதியம் மூணு மணிக்கு எடுத்ததா இருக்கும்.

இதை சமாளிக்க முதல் வழி, சூரியன நம்பாம இருக்குறது. ஜன்னலுக்கு வெளிய ஒரு பெரிய லைட்ட உயரமான ஸ்டாண்டுல ஏத்தி, அதுதான் இந்த சீனுக்கு சூரியன்னு முடிவு பண்ணிடுவாங்க, நிஜ வெயில் உள்ள வராம துணி கட்டி மறைச்சிடுவாங்க. அந்த லைட்டு நகராது, மேகத்துக்குள்ள போகாது, சாயங்காலம் ஆனாலும் காலை ஒன்பது மணியாவே நிக்கும்.

ஆனா அந்த லைட்ட ஏன் அவ்ளோ பெருசா, அவ்ளோ தூரத்துல வைக்கிறாங்க, சின்ன லைட்ட பக்கத்துல வச்சா ஆகாதான்னு ஒரு கேள்வி வரும். ஆகாது, காரணம் சுத்தமான இயற்பியல். ஒரு சின்ன விளக்குல இருந்து தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒரு பங்கா குறையும். விளக்கு முகத்துல இருந்து ஒரு மீட்டர்ல இருக்கு, நடிகர் அரை மீட்டர் பின்னாடி சாய்ஞ்சார்னா முகத்து மேல விழுற வெளிச்சம் பாதிக்கும் கீழ போயிடும். அதே விளக்கு நாலு மீட்டர்ல இருந்தா அதே அரை மீட்டர் சாய்வுக்கு அஞ்சுல ஒரு பங்குதான் குறையும். நிஜ சூரியன் கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதால ரூமுக்குள்ள நாம எங்க நகர்ந்தாலும் வெயிலோட அளவு மாறுறதே இல்ல. அப்போ வெயில் மாதிரி தெரியணும்னா லைட்டு தள்ளி இருக்கணும், தள்ளி இருக்கணும்னா பலமா இருக்கணும். ஷூட்டிங்ல பெரிய பெரிய லைட்டுங்கள லாரியில ஏத்திட்டு வர்றதுக்கு காரணம் இதுதான், ஆடம்பரம் இல்ல.

அடுத்து வெளிச்சத்தோட தன்மை. மேகம் இல்லாதப்போ வெளிய நின்னா உங்க நிழல் கத்தி மாதிரி ஓரம் வெட்டி விழும், மேகம் மூடினதும் அந்த நிழல் கரைஞ்சு போயிடும். வெளிச்சம் வர்ற இடம் சின்னதா இருந்தா நிழல் கடினமா இருக்கும், பெருசா இருந்தா மென்மையா இருக்கும், அவ்ளோதான் விதி. சூரியன் நிஜத்துல பிரம்மாண்டம், ஆனா நம்ம கண்ணுக்கு சின்ன வட்டம், அதனால கடினம். மேகம் மூடினா வானம் முழுக்கவே விளக்கு, அதனால மென்மை. செட்டுல லைட்டுக்கு முன்னாடி வெள்ளைத் துணி கட்டுறதும், வெள்ளை தெர்மாகோல் மேல லைட்ட அடிச்சு திரும்பி வர்ற வெளிச்சத்த முகத்துல விழ வைக்கிறதும் இதுக்குத்தான், விளக்க பெருசாக்குறாங்க.

இதுல ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா பேர சொல்லாம போக எனக்கு மனசு வராது. அதுக்கு முன்னாடி சினிமா கேமராவ இயக்கினதே இல்லாத இளைஞரா, இருபதுகளோட தொடக்கத்துல, சத்யஜித் ராய்கூட முதல் படத்துக்கு வந்தவர். 1956ல வந்த ராயோட அபராஜிதோ படத்துக்கு காசியில இருக்குற ஒரு வீட்ட ஸ்டுடியோவுக்குள்ள செட்டா போட்டாங்க. அந்த ஊர் வீடுகள்ல நடுவுல வானம் பாத்த முற்றம், வெளிச்சம் மேல இருந்து பரவலா இறங்கும், பெருசா நிழலே விழாது. அன்னைக்கு ஸ்டுடியோவுல லைட் போடுற வழக்கப்படி நேரா லைட்ட அடிச்சா ஒரு ஆளுக்கு நாலு நிழல் விழுந்து இது செட்டுன்னு காட்டிக் கொடுத்துடும். மித்ரா என்ன பண்ணார்னா, செட்டுக்கு மேல வெள்ளைத் துணிய வானம் மாதிரி இழுத்துக் கட்டி, கீழ இருந்து லைட்டுங்கள அந்தத் துணி மேல அடிச்சார். துணியில பட்டு திரும்பி வந்த வெளிச்சம் நிஜ முற்றத்து வெளிச்சமாவே இருந்துச்சு. இன்னைக்கு பவுன்ஸ் லைட்டிங் எல்லா ஊர்லயும் தினசரி வேலை, ஆனா அப்போ இப்படி ஒண்ண யோசிச்சது கண்ணு முன்னாடி இருக்குற வீட்ட அவர் எவ்ளோ நேரம் பாத்திருப்பார்ங்கிறத காட்டுது.

நிறம். நம்ம மூளை ரொம்ப கெட்டிக்காரத்தனமா வெள்ளைய எல்லா வெளிச்சத்துலயும் வெள்ளையாவே காட்டிடும், கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. வெளிச்சத்தோட நிறத்த கெல்வின்ல அளக்குறாங்க, பழைய டங்ஸ்டன் லைட்டு 3200, மதிய வெயில் சுமார் 5600, மெழுகுவத்தி 2000க்கு பக்கம், எண் குறைய குறைய ஆரஞ்சு, கூடக் கூட நீலம். காலைல எடுத்த ஷாட்டும் சாயங்காலம் எடுத்த ஷாட்டும் பக்கத்துல பக்கத்துல வந்தா ஒண்ணு மஞ்சளா ஒண்ணு நீலமா குதிக்கும், அதை லைட்டு முன்னாடி கலர் ஜெல்னு சொல்ற நிறத் தாள் போட்டோ, நிறம் மாத்துற எல்இடி வச்சோ, எது வெள்ளைன்னு கேமராவுக்கு சொல்ற வைட் பேலன்ஸ் வச்சோ இழுத்துப் புடிக்கணும். சில நேரம் வேணும்னே ரெண்டு நிறத்தையும் கலக்க விடுவாங்க, ஜன்னல்ல நீலம், உள்ள விளக்குல மஞ்சள், சாயங்காலம்னு ஒரு வார்த்தை பேசாம சொல்லியாச்சு.

எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள்ள எவ்ளோ வெளிச்சம் போகணும்ங்கிறது, அதைப் பத்தி நிறைய வீடியோ இருக்கு, அதனால சுருக்கமா. ஃபோட்டோ எடுக்கிறவங்களுக்கு ஷட்டர் ஸ்பீட இஷ்டத்துக்கு மாத்த முடியும், சினிமாவுல அது கிட்டத்தட்ட பூட்டிக்கிடக்குது. நொடிக்கு 24 ஃப்ரேம், ஷட்டர் 180 டிகிரின்னா, அதாவது ஒரு ஃப்ரேமுக்கு கிடைக்கிற நேரத்துல பாதி மட்டும் திறந்திருந்தா, ஒவ்வொரு ஃப்ரேமும் நொடியில 48ல ஒரு பங்கு நேரம் வெளிச்சம் வாங்கும், அசைவுல வர்ற அந்த லேசான கலங்கல்தான் சினிமா மாதிரி தெரியிறதுக்கு ஒரு முக்கிய காரணம். (கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ல ஓடுற நாடுகள்ல சில விளக்குங்க ஃப்ளிக்கர் ஆகும், அதுக்கு ஷட்டர 172.8 டிகிரிக்கு வச்சா சரியா 50ல ஒரு பங்கு நொடி வந்து ஃப்ளிக்கர் அடங்கிடும்.) லென்ஸ் திறப்புக்கு எண் கூடக் கூட திறப்பு சின்னது, 2.8ல இருந்து 4க்கு மாத்தினா வெளிச்சம் பாதி, 5.6க்கு போனா திரும்பவும் பாதி, இந்த ஒவ்வொரு படியையும் ஸ்டாப்னு சொல்வாங்க. ஆனா திறப்ப மாத்தினா பின்னணி எவ்ளோ மங்கலா தெரியுதுங்கிறதும் மாறிடும், ஒரே சீன்ல அது மாறக்கூடாது, அதனால வெயில் ஏற ஏற லென்ஸ் முன்னாடி என்டி ஃபில்டர் போட்டு வெளிச்சத்த மட்டும் குறைப்பாங்க. 0.3ன்னு எழுதியிருந்தா ஒரு ஸ்டாப், 0.6 ரெண்டு, 0.9 மூணு. பாருங்க, இங்கயும் அதே கதைதான், நேரம் ஓடினது படத்துல தெரியக்கூடாது.

வெட்டவெளியில எடுக்குறப்போ சூரியன மறைக்க முடியாது, அங்க ஒரு சூப்பரான ஏமாத்து வேலை இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்சது. ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு பேசுறாங்க. காலைல சூரியன் கிழக்கே, அப்போ கிழக்க முதுகு காட்டி நிக்கிறவர எடுத்து முடிச்சிடுவாங்க, தலைமுடி ஓரமெல்லாம் ஒளிவட்டம் கட்டி அழகா இருக்கும், முகத்துல நேரா வெயில் அடிக்காததால கண்ணும் சுருங்காது. சாயங்காலம் சூரியன் மேற்கே போனப்புறம் மத்தவர எடுப்பாங்க. சேத்து பாத்தா ரெண்டு பேர் முதுகுக்கு பின்னாடியும் சூரியன் இருக்கும், இந்த பூமியில நடக்கவே முடியாத விஷயம், ஆனா பாக்குற யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்க. ஏன்னா கண்ணு சூரியனோட திசைய விட முகத்து மேல இருக்குற வெளிச்சத்தோட குணம் ஒண்ணா இருக்கான்னுதான் பாக்குது. கன்டினியூட்டின்னா, அதாவது ஷாட்டுக்கு ஷாட்டு தொடர்ச்சின்னா, நிஜத்த அப்படியே காப்பாத்துறது இல்ல, நம்புற மாதிரி காப்பாத்துறது.

சூரியன விரட்டிப் புடிச்சவங்களும் இருக்காங்க. நெஸ்டர் அல்மென்ட்ரோஸ் 1978ல வந்த டேஸ் ஆஃப் ஹெவன் படத்துல நிறைய காட்சிகள சூரியன் மறைஞ்சப்புறம் இருட்டுறதுக்கு முன்னாடி கிடைக்கிற அந்த இருபது இருபத்தஞ்சு நிமிஷ வெளிச்சத்துல எடுத்தார், நாள் பூரா தயாராகி அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள எடுத்து முடிக்கணும், அந்தப் படத்துக்கு அவருக்கு ஆஸ்கர் கிடைச்சுது. வி. கே. மூர்த்தி 1959ல காகஸ் கே ஃபூல் படத்துல, ஸ்டுடியோவோட இருட்டுக்குள்ள ஒரே ஒரு கதிர் இறங்குற காட்சிக்கு, வெளிய அடிக்கிற நிஜ வெயில பெரிய கண்ணாடிங்கள வச்சு உள்ள கொண்டுவந்தார். லைட்டுல இருந்து வர்ற ஒளி விரிஞ்சுக்கிட்டே போகும், சூரிய ஒளி இணையா வரும், அதனாலதான் அந்தக் கதிர் தூண் மாதிரி நேரா நிக்குது. தாதாசாகேப் பால்கே விருது வாங்கின முதல் ஒளிப்பதிவாளர் இவர்தான்.

இதெல்லாம் ஒத்தை ஆள் வேலை இல்ல. ஒளிப்பதிவாளர் எப்படி வெளிச்சம் வேணும்னு சொல்வார், அதை எந்த லைட்டு, எந்த உயரம், எவ்ளோ கரண்ட்டுன்னு செஞ்சு காட்டுறவர் கேஃபர், அவர் கூட லைட்மேனுங்க. கேமரா நகர்றதுக்கு ட்ராலி, ட்ராக், கிரேன் பாத்துக்குறவங்க கிரிப்பு. அப்புறம் ஃபோகஸ் புல்லர், இந்த வேலைய பத்தி மட்டும் கொஞ்சம் நின்னு சொல்லணும். நடிகர் நடக்க நடக்க லென்ஸோட ஃபோகஸ கையால திருப்பிக்கிட்டே இருக்குறவர். லென்ஸ் திறப்பு பெருசா இருந்தா கூர்மையா தெரியிற ஆழம் சில சென்டிமீட்டர்தான், கண்ணு ஷார்ப்பா இருந்தா காது மங்கிடும், நடிகர் கொஞ்சம் முன்னாடி சாய்ஞ்சா மொத்த ஷாட்டும் போச்சு. இதோட எல்லைய பாக்கணும்னா 1975ல வந்த பேரி லிண்டன் படத்த பாருங்க. ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட், மெழுகுவத்தி வெளிச்சத்துலயே எடுக்கணும்னு நாசாவுக்காக கார்ல் ஸைஸ்ங்கிற லென்ஸ் கம்பெனி செஞ்ச, திறப்பு ரொம்பப் பெருசான 50 எம்எம் எஃப் 0.7 லென்ஸ பயன்படுத்தினாங்க. ஃபோகஸ் ஆழம் அவ்ளோ கம்மியா இருந்ததால கேமராவுக்கு பக்கவாட்டுல இன்னொரு வீடியோ கேமராவ வச்சு, நடிகர் எவ்ளோ தூரத்துல இருக்கார்னு அதுல பாத்து பாத்து ஃபோகஸ் திருப்பினாங்க. படத்துல அந்த ஜனங்க ஓவியம் மாதிரி அசையாம உக்காந்திருக்குறதுக்கு லென்ஸும் ஒரு காரணம்.

ஷூட்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பாதி வேலை நடந்திருக்கும். ஸ்கிரிப்ட் படிச்சுட்டு டைரக்டர்கூட உக்காந்து இந்தக் கதை எந்த வெளிச்சத்துல நடக்குதுன்னு பேசுவாங்க, லொக்கேஷன் பாக்க ரெக்கி போவாங்க, அந்த ஜன்னல் எந்தத் திசையில இருக்கு, ஷூட்டிங் நடக்குற மாசத்துல சூரியன் எத்தனை மணிக்கு எங்க இருக்கும்னு ஃபோன் ஆப்லயே பாத்து எந்த ஷாட்ட எப்போ எடுக்கணும்னு வரிசை போடுவாங்க. வைட் ஷாட்ட நல்ல வெளிச்சம் இருக்குறப்போ எடுத்துடணும், க்ளோஸப்ப எப்போ வேணா எடுக்கலாம், ஏன்னா வைட்ல ரூம் முழுக்க தெரியும், லைட்ட ஒளிச்சு வைக்க இடம் கிடையாது, க்ளோஸப்ல முகத்துக்கு ஒரு அடி தள்ளி லைட்டு இருந்தாலும் தெரியாது. எல்லாம் முடிஞ்சு ஷூட்டிங்குக்கு அப்புறம் டிஐ (டிஜிட்டல் இன்டர்மீடியட், எடுத்த படத்தோட நிறத்த கம்ப்யூட்டர்ல சரி பண்ற வேலை), கலரிஸ்ட் கூட இருட்டு ரூம்ல உக்காந்து ஷாட்டுக்கு ஷாட்டு நிறத்தையும் வெளிச்சத்தையும் சமன் பண்ணுவாங்க. டிஐல எல்லாத்தையும் சரி பண்ணிக்கலாம்னு சிலர் சொல்றத நம்பாதீங்க. நிறத்த மாத்தலாம், அளவ மாத்தலாம், ஆனா மூக்கு நிழல் இடது பக்கம் விழுந்தத வலது பக்கம் விழ வைக்கிறது அங்க லேசுல நடக்கிற காரியம் இல்ல.

ஃபிலிம் இருந்த காலத்துல 1000 அடி ரோல் ஒண்ணு 11 நிமிஷம்தான் ஓடும், எடுத்தது எப்படி வந்திருக்குன்னு லேப்ல கழுவி வந்தப்புறம்தான் தெரியும், அதுவரைக்கும் லைட் மீட்டரும் ஒளிப்பதிவாளரோட மனசுல இருந்த படமும்தான் ஆதாரம். இப்போ மானிட்டர்ல எல்லாரும் பாக்குறாங்க, ஆளாளுக்கு கருத்து சொல்றாங்க, நல்லதும் இருக்கு, ஆனா மானிட்டர் இல்லாம வெளிச்சத்த வெறும் கண்ணால கணக்குப் போடுற பழக்கம் குறைஞ்சது பெரிய இழப்புன்னு நான் நினைக்கிறேன். இருக்குற வெளிச்சத்த மதிச்சு வேலை பாத்த பாலு மகேந்திரா மாதிரி ஆளுங்களோட பலமே அந்தக் கண்ணுதான்.

வேலை வாழ்க்கை கஷ்டமானது, அதை மறைக்கக் கூடாது. 12 மணி நேரம், 14 மணி நேரம்னு நிக்கணும், நைட் ஷூட்டிங்னா தூக்கம் தலைகீழா மாறும், ஒரு படம் முடிஞ்சா அடுத்தது வர்ற வரைக்கும் சம்பளம் கிடையாது. 1997ல ஹாலிவுட்ல ஒரு உதவி கேமராமேன் 19 மணி நேரம் வேலை பாத்துட்டு கார் ஓட்டிட்டு வீட்டுக்கு போறப்போ தூங்கிப் போய் விபத்துல இறந்துட்டார். மூத்த ஒளிப்பதிவாளர் ஹாஸ்கெல் வெக்ஸ்லர் அதுக்கப்புறம் பல வருஷம் வேலை நேரத்த குறைக்கணும்னு குரல் கொடுத்தார், இன்னும் அந்தப் பிரச்சனை தீரல. பெண்களுக்கு கதவு ரொம்ப லேட்டாதான் திறந்துச்சு. தமிழ்ல பி. ஆர். விஜயலட்சுமி 1985லயே முழுப் படம் ஒளிப்பதிவு பண்ணிட்டாங்க, ஆனா ஆஸ்கர்ல ஒளிப்பதிவுக்கு ஒரு பெண்ணோட பேர் முதல் தடவையா பரிந்துரைக்கப்பட்டது 2018லதான், ரேச்சல் மாரிசன், அது 90ஆவது விழா.

உள்ள வர்ற வழி பெரும்பாலும் ரெண்டு. ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல படிக்கிறது, இல்லன்னா ஒரு ஒளிப்பதிவாளர்கிட்ட அசிஸ்டென்ட்டா சேந்து லென்ஸ் துடைக்கிறதுல இருந்து ஆரம்பிச்சு மேல வர்றது. படிச்சவங்களும் அப்புறம் அசிஸ்டென்ட்டா போறாங்க, செட்டுல அம்பது அறுபது பேர் காத்திருக்குறப்போ பதட்டப்படாம முடிவு எடுக்குறத கிளாஸ்ல கத்துக்க முடியாது.

எதுல ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, கேமரா வாங்காதீங்க. ராத்திரி ரூம இருட்டாக்கி ஒரே ஒரு டேபிள் லேம்ப்ப போடுங்க, ஒரு ஆள உக்கார வைங்க, ஃபோன்ல எக்ஸ்போஷரையும் வைட் பேலன்ஸையும் லாக் பண்ணிடுங்க. லேம்ப்ப முகத்துக்கு நேரா, அப்புறம் பக்கவாட்டுல, தலைக்கு மேல, தாடைக்கு கீழன்னு நகர்த்தி ஒவ்வொண்ணுக்கும் ஒரு படம். அப்புறம் லேம்ப்ல இருந்து ஒரு அடி தள்ளி ஒரு வெள்ளை பெட்ஷீட்ட தொங்கவிட்டு அதே இடங்கள்ல திரும்ப எடுங்க, துணி சூடான பல்பு மேல படாம பாத்துக்கோங்க. எடுத்த எல்லாத்தையும் வரிசையா வச்சு மூக்கு நிழலையும் கண்ணுக்குள்ள மின்னுற அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளியையும் மட்டும் பாருங்க, லைட்டு எங்க இருந்துச்சு, எவ்ளோ பெருசுன்னு அந்த ரெண்டே சொல்லிடும். அது புடிபட்டதும் அடுத்த தடவை படம் பாக்குறப்போ சவுண்ட ம்யூட் பண்ணிட்டு, ஒரு சீன்ல முகம் மாறி மாறி வர்ற ஒவ்வொரு ஷாட்லயும் நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பேப்பர்ல குறிச்சுக்கிட்டே வாங்க.